கரையேறிய குட்டியைத் தள்ளிவிட்டவள்

அன்று அந்தக் கடற்கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். எட்டு மாதக் கர்ப்பத்தோடு என்னைத் தேடிக்கொண்டு மணலில் இறங்கி வந்த என் மகள் சங்கீதா. கறுப்பு நாயைக் கயிற்றில் பிடித்திருந்த ஒரு கிழவர். அவர் போன் பண்ணியதும் வேனில் வந்த மோராக் என்கிற பெண்மணி. அவளோடு வந்த ஒரு தாடிக்காரர். அவர் பெயரைக் கடைசிவரை நான் கேட்கவில்லை. அப்புறம் மணலில் வெள்ளை மூட்டை மாதிரி கிடந்த ஒரு சீல் குட்டி. இவ்வளவு பேர்தான். இடம் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். வருஷம் 2013, நவம்பர் மாதம்.

குட்டி குளிரில் விறைத்துக் கிடந்தது. "யாராவது இதைத் தொட்டீர்களா?" என்று மோராக் கேட்டாள். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். கிழவர் இல்லை என்று தலையாட்டினார். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

தொட்டவள் நான்தான்.

எனக்கு ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பம். ஆறாவதோடு படிப்பு முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் திண்டிவனத்துக்கு மீன் கூடை கொண்டுபோய் விற்றேன். அந்தக் காசில் மகளை நர்சுக்குப் படிக்க வைத்தேன். படித்தவள் கண்காணாத ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை பிரபு அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற வீட்டுப் பிள்ளை, அவரும் நர்ஸ். பிரசவத்துக்கு ஆள் வேண்டும், வாங்க என்றார்கள். போனேன்.

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தேவையில்லை. விமானத்தில் கொடுத்த பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் இறங்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். பெட்டியில் வைத்த கருவாட்டுக்காகப் பிடித்துப் போவார்களோ என்று பயந்தேன். குளிருக்கு மட்டும் பயப்படவில்லை. குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வீட்டில் வேலை செய்யும் என் தங்கை, அவர்கள் விட்டுப்போன தடித்த கோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டால் நான் நடக்கிற நெல் மூட்டை மாதிரி இருந்தேன். போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

முதல் வாரம் மழை. வீட்டுக்குள் சூட்டு மிஷினைப் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் மகள் என்னை மீன் கடைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் துண்டு துண்டாக வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருந்தான். ஒரு மீனுக்கும் தலை இல்லை.

"செவுளைப் பாக்காம எப்பிடிடி வாங்கறது? கண்ணு வேணாமா மீனுக்கு?"

"எல்லாம் பிரெஷ்ஷுதாம்மா. தேதி போட்டுருக்கான் பாரு."

"தேதி மீன் மேலயா இருக்குது? பேப்பர் மேல இருக்குது."

கடைக்காரன் என்ன சொல்கிறாள் என்று மகளிடம் கேட்டான். அவள், அம்மாவுக்கு உங்கள் கடை பிடித்திருக்கிறது என்று சொன்னாளாம். வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னாள். இப்படித்தான் ஆறு மாசமும் என் பேச்சை மாற்றி மாற்றிச் சொல்லி என்னை நல்லவளாக்கி வைத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிஷ நடை. மணலில் இறங்கும் இடத்தில் ஒரு மரப்பலகை. அதில் சீல் படம், பக்கத்தில் கை படம், கையின் மேல் சிவப்புக் கோடு, கீழே நிறைய எழுத்து, கடைசியில் ஒரு போன் நம்பர். சீலைப் பிடிக்கக்கூடாது என்று போட்டிருக்கிறார்கள் என நினைத்துக்கொண்டு தினமும் அதைத் தாண்டிப் போனேன். பிடித்து நான் என்ன குழம்பா வைக்கப் போகிறேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அது கார்த்திகை. கடலை நம்ப முடியாத மாசம். என் வீட்டுக்காரர் விடியற்காலம் போட்டில் போனால் பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுவார். ஊரில் பத்து மணி என்றால் ஸ்காட்லாந்தில் விடியற்காலை நாலரை. அன்று நாலரையிலிருந்து போன் போட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. ஏழரை மணி வரை இருபது தடவை போட்டிருப்பேன். மகளை எழுப்பினால் அவளும் பயப்படுவாள், வயிற்றுப் பிள்ளைக்காரி. கோட்டை மாட்டிக்கொண்டு கடலுக்கு நடந்தேன். கடலைப் பார்த்தால் ஏதாவது தெரியும் என்பது போல.

அங்கேதான் குட்டி கிடந்தது. வெள்ளை ரோமம், பெரிய கறுப்புக் கண், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை மாதிரியே கத்தியது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆமையோ, ஓங்கில் என்று நாங்கள் சொல்லும் டால்பினோ உயிரோடு கரை ஏறிக் கிடந்தால், பார்த்தவர் அதைக் கடலில் விட்டுவிட்டுத்தான் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். தாண்டிப் போனால் அந்த வீட்டுப் போட்டு கரைக்கு வராது என்பார்கள். எங்கள் ஊரில் பிறந்த யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். என் வீட்டுக்காரரோ இருபது தடவை போட்ட போனை எடுக்கவில்லை.

கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டேன். திருக்கை மீனைப் புரட்டிப் பழகிய கை. கடிக்கிற பக்கம் எது, பிடிக்கிற பக்கம் எது என்று தெரியும். சுருட்டி இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனேன். தண்ணீர் அல்ல அது, கத்தி. அலை வரும் நேரம் பார்த்து விட்டேன். குட்டி ஒரு முங்கு முங்கிக் காணாமல் போனது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

கரைக்கு வந்து ஈரக் கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தபோதே போன் அடித்தது. அவர்தான்.

"இன்னா, அங்க விடிஞ்சிடுச்சா?" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

"போனை எடுக்க இன்னாயா கேடு உனக்கு?"

"டீக்கடையில சார்ஜுல போட்டுருந்தேன். கரைக்கு வந்து ரெண்டு மணி நேரம் ஆவுது. நீ இன்னாத்துக்கு அழுவற?"

குட்டியை விட்டேன், போட்டு வந்துவிட்டது என்று மனசு குளிர்ந்து திரும்பினால், நூறு அடி தள்ளி அலை அந்தக் குட்டியை மறுபடி மணலில் போட்டுவிட்டிருந்தது. இப்போது அது கத்தவில்லை. அதற்குள் நாய்க்காரக் கிழவர் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்திருந்தார். பிறகு மகள் வந்தாள். வேன் வந்தது. மோராக் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் என் கையில் இருந்த கோட்டை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். குட்டியைத் துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்து, வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். போன் பண்ணி அரை மணி நேரத்துக்குள்.

ஒரு மிருகத்துக்கு அரை மணி நேரத்தில் வேன். எனக்குக் கோபம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது, யார் மேல் என்றுதான் அப்போது தெரியவில்லை.

இரண்டு நாள் தூக்கம் இல்லை. கேமரா இருந்திருக்குமா, போலீஸ் வருமா, மாப்பிள்ளைக்கு வேலை போகுமா, பிரசவ நேரத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் நடுவில் அந்தக் குட்டி கத்தாமல் கிடந்தது வந்து வந்து நின்றது. மூன்றாம் நாள், "அந்தச் சீலைப் பாக்கணும்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"அத்தே, நைட் டூட்டி முடிச்சுட்டு வந்துருக்கேன்."

"சரி, நான் தனியாப் போறேன். பஸ் நம்பர் சொல்லுங்க."

"ஐயோ, வர்றேன் இருங்க."

பஸ்ஸில் எங்களுக்கு எதிர் சீட்டில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. சீட்டின் மேலே. அதற்கு டிக்கெட் கேட்பார் இல்லை, எழுந்திரு என்பார் இல்லை. டிரைவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எத்தனை கண்டக்டர்கள் என் கூடையை இறக்கி விட்டிருக்கிறார்கள். "மீன் கூடையெல்லாம் ஏத்தாத, பாசஞ்சர் கத்துவான்" என்பான். கூடைக்கு மூடி போட்டு, மூடிக்கு மேல் சாக்கு போட்டு, சாக்குக்கு மேல் நான் உட்கார்ந்து வந்தாலும் இறக்குவான். மழையில் நின்றிருக்கிறேன். அந்த நாய் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. நல்ல நாய்தான், அதன் மேல் எனக்கு என்ன.

மாப்பிள்ளை தூங்கிவிட்டார். எழுப்பப் பாவமாக இருந்தது. எனக்கு எங்கே இறங்குவது என்று தெரியாது. கடைசியில் பஸ் எங்கோ ஒரு வயல்காட்டில் நின்றபோது டிரைவர் வந்து அவரைத் தட்டினார். மூன்று ஸ்டாப் தாண்டியிருந்தோம். மழையில் திரும்பி நடந்தோம்.

"ஒரு வார்த்தை எழுப்பியிருக்கலாம் இல்ல, அத்தே?"

"நைட் டூட்டி பாத்தவரு, தூங்கட்டும்னு விட்டேன்."

அவர் முன்னைவிட வேகமாக நடந்தார்.

அடிபட்ட சீல்களை வைத்துக் காப்பாற்றுகிற அந்த இடம் ஒரு பழைய பண்ணைக் கொட்டகை. உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி. மொத்தம் பதினொன்று. எல்லா அறையிலும் சிவப்பு விளக்கு, சூட்டுக்காக. நம்முடையது நாலாவது அறை. மோராக் அதன் வாயில் குழாய் விட்டு எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், பிறகு அரைத்த மீன் கஞ்சி, வயிறு பழகப் பழகக் கெட்டியாகக் கொடுப்பார்களாம். புயலில் தாயை விட்டுப் பிரிந்து பல நாள் பால் குடிக்காத குட்டி. வெள்ளை ரோமம் இருக்கும் வரை அது தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்த ரோமம் நனைந்தால் குளிர் நேராக உடம்புக்குள் போய்விடும். கரையில் கிடந்து ஓய்வெடுக்க வேண்டியதை எடுத்துக் கடலில் விட்டிருக்கிறார்கள், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று அவள் சொன்னதை மாப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"யார் விட்டாங்கன்னு கேளுங்க," என்றேன்.

கேட்டார். "யாரோ அறிவு இல்லாத ஆளாம், அத்தே."

"யாரோ இல்ல. நான்தான். அதைச் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மோராக்கைப் பார்த்தார். "குட்டி அழகா இருக்குதுன்னு சொல்றேன்," என்றார்.

"நான் சொன்னதைச் சொல்லுங்க."

"அத்தே, சொம்மா இருங்க. விசா பேஜாரு ஆயிடும். ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

ஆறு மாசத்துக்கு என் வாய் இவர்கள் கையில். அதுவரை அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அன்று எரிச்சல் வந்துவிட்டது. மீன் விற்கப் பாண்டிச்சேரிக்குப் போகும்போது வெள்ளைக்காரர்களிடம் பேசிய நாலு வார்த்தை எனக்கும் தெரியும். மோராக்கின் முன்னால் போய் நின்றேன். என் நெஞ்சில் கை வைத்தேன். குட்டியைக் காட்டினேன்.

"ஐ டேக். ஐ புட் ஸீ. ஐ."

அவள் குழாயை வெளியே எடுத்து, துடைத்து, மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள். "உன் கையில் இருந்த கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எனக்குத் தெரியும்," என்றாள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார். "ஏன் செய்தாய்?"

வழக்கத்தைச் சொன்னேன். போட்டைச் சொன்னேன். இருபது போனைச் சொன்னேன். அவள் முகம் இளகவில்லை. அதை நான் மதிக்கிறேன். "உன் புருஷனுக்காக இதைக் கொல்லப் பார்த்தாய். பலகையில் இவ்வளவு பெரிசாக எழுதியிருக்கிறது. தொடாதே, கடலில் விடாதே, போன் செய் என்று."

அப்போதுதான் அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் இல்லை. "போன் செய்னு சொல்றாங்களே, எங்க ஊர்ல போன் பண்ணினா இன்னா ஆவும்னு இவங்களுக்குச் சொல்லுங்க," என்றேன். மாப்பிள்ளை இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கரையில் ஓர் ஓங்கில் குட்டி ஏறியது. வழக்கப்படி தள்ளிவிட்டோம். திரும்பி வந்தது. மூன்று முறை தள்ளினோம், மூன்று முறையும் வந்தது. அதன் வயிற்றில் வலைக் கயிறு அறுத்த காயம். உப்புத்தண்ணீரில் நனைத்த சேலையை மேலே போட்டு, நிழலுக்குப் பந்தல் கட்டிவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரை விட்டுப் போன் போடச் சொன்னோம். முதல் ஆபீசில், அது எங்க வேலை இல்லை, அடுத்த ஆபீசைக் கேளு என்றான். அடுத்த ஆபீசில் போட்டோ அனுப்பச் சொன்னான். அனுப்பினோம். மூன்றாவது ஆபீசில் ஒருத்தன் மரியாதையாகப் பேசினான். "உயிரோட இருந்தா எங்களால ஒண்ணியும் பண்ண முடியாதும்மா. செத்தப்புறம் சொல்லுங்க, புதைக்க ஆள் அனுப்பறோம்." அதற்குள் பெரிய ரோட்டிலிருந்து பைக்கில் ஆள் வந்து குவிந்துவிட்டது. ஒருத்தன் தன் பிள்ளையைத் தூக்கி அதன் முதுகில் உட்கார வைத்துப் படம் எடுத்தான். அவனை நான் செருப்பால் அடித்தேன். சாயந்திரம் ஓங்கில் செத்தது. மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு ஜேசிபி வந்தது. புதைப்பதற்கு மட்டும் எங்கள் ஊருக்கு வண்டி வரும்.

மோராக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில் மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டாள்.

"நீங்க மீன் வெட்டுவீங்களான்னு கேக்கறாங்க, அத்தே."

பின்னால் இருந்த அறையில் பெட்டி பெட்டியாக மீன். மத்தி மாதிரி, இன்னும் கொஞ்சம் நீளம். எல்லாம் தலையோடு இருந்தது. அந்த ஊரில் மனுசருக்குத் தலையில்லாத மீன், சீலுக்குத் தலையோடு மீன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பு. கண்ணைப் பார்த்தேன், தெளிவு. ஒரு மாசத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் மீன். கத்தியோ வெண்ணெய்கூட வெட்டாது. தரையில் உட்கார்ந்து, அவர்கள் வைத்திருந்த கல்லில் தீட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். தாடிக்காரர் நாற்காலி கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். அவர் ஒரு பெட்டி முடிப்பதற்குள் நான் மூன்று முடித்தேன். மோராக் அதைப் பார்த்துவிட்டு, "வாரம் இரண்டு நாள் வா. மன்னிப்பெல்லாம் வேண்டாம்," என்றாள்.

அப்படித்தான் நான் அங்கே போக ஆரம்பித்தேன். கையை நீட்டினால்தான் பஸ் நிற்கும் என்பது இரண்டு பஸ் போன பிறகு தெரிந்தது. அப்புறம் தனியாகவே போய் வந்தேன்.

குட்டிகளுக்கு அந்த வருஷம் தானியங்களின் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்ஸ், பார்லி என்று. நம்முடையதற்கு உங்கள் ஊர் தானியம் ஒன்று சொல் என்றாள் மோராக். கேப்பை என்றேன். பலகையில் எழுதினார்கள். அவர்கள் வாயில் அது 'கெப்பாய்' என்று வந்தது. ஊரில் கூழ் ஊற்றுகிற கேப்பை இங்கே சிவப்பு விளக்கின் கீழ் படுத்திருக்கிறது என்று போனில் சொன்னதும் என் வீட்டுக்காரர், "உப்பு போட்டாங்களா?" என்று கேட்டார்.

பத்தாம் நாள் அது கஞ்சியைக் கக்கியது. கண்ணில் சீழ். தினமும் ஒரு துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. அந்த நம்பரை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும், படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

"யம்மா, பேரப்புள்ள பொறக்கப் போவுது. நீ அதைப் பாக்கறியா, இதைப் பாக்கறியா?" என்றாள் சங்கீதா.

"அதை நான் தள்ளலடி. இதைத் தள்ளினேன்."

பேத்தி டிசம்பரில் பிறந்தாள். சுகப்பிரசவம். பத்தியக் குழம்பு வைக்க அந்த ஊர்ப் பூண்டில் வாசனையே இல்லை, கிலோக் கணக்கில் போட்டேன். இரண்டு வாரம் குட்டியைப் பார்க்கப் போகவில்லை. போனபோது நாலாவது அறை காலி. மோராக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே தொட்டி. வெள்ளை ரோமம் உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் புள்ளியோடு, மூன்று குட்டிகள் ஒரு மீனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஜெயித்தது நம்முடையது. பார்லி என்கிற குட்டியின் வாயிலிருந்தே பிடுங்கியது. திண்டிவனம் மார்க்கெட்டில் ஓரமாய் இடம் பிடிக்க நான் போட்ட சண்டை ஞாபகம் வந்தது.

மார்ச் மாதம் கடலில் விடப்போகிறோம், வா என்றார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பலகையைப் பிடித்து நின்று, நடுவில் கடலுக்குப் போக வழி விட்டார்கள். எனக்கும் ஒரு பலகை. பெட்டியைத் திறந்ததும் பார்லி ஓடிப்போய் விழுந்தது. கேப்பை பாதி வழி போய் நின்றது. திரும்பி எங்களைப் பார்த்தது. முன்னால் வரவில்லை, கடலுக்கும் போகவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எனக்குக் கை துடித்தது. ஒரே ஒரு தள்ளு, போய்விடும். மோராக் என் பக்கம் திரும்பாமலே, "வேண்டாம்," என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கேப்பை மணலை மோந்தது. தானாகத் திரும்பியது. தானாகப் போனது.

ஏப்ரலில் ஊருக்கு வந்தேன். வந்த மறு திங்கட்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மனு கொடுக்க விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். கூட்டேரிப்பட்டில் பஸ் டயர் வெடித்தது. ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். போய்ச் சேர்வதற்குள் மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போனோம். நீளமான வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இன்னா மனு? பட்டாவா, பென்ஷனா?"

"கடல்ல இருந்து ஆமை, டால்பின் எதுனா அடிபட்டுக் கரை ஒதுங்கினா, கூப்புட ஒரு போன் நம்பர் வேணுங்க."

இப்போது தலையைத் தூக்கினார். "உனக்கு இன்னாமா வேணும்?"

"நம்பர்."

பின்னால் நின்றவன், "ஆமைக்கு ரேஷன் கார்டு இருக்குதா?" என்றான். வரிசையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவரை வீட்டில் பார்த்துக்கொண்டேன்.

"எந்த டிபார்ட்மெண்டுன்னு எழுதலயே. யாருக்கு மார்க் பண்றது?"

"அதைத்தாங்க கேக்க வந்துருக்கறேன்."

ரசீது கொடுத்தார்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மூன்று தடவை போய்க் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் குப்பத்து ஐஸ் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுத வைத்தேன். ஆமைப் படம், கை படம், கையின் மேல் சிவப்புக் கோடு. கீழே தமிழில், அடிபட்டது கரை ஏறினால் தள்ளாதே, போன் பண்ணு என்று. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் என் நம்பர். வழக்கத்தை மாற்றுகிறேன் என்று சண்டைக்கு வந்தார்கள். "எதுனா ஒரு போட்டு வராம போச்சுன்னா உன் ஊட்டு வாசல்லதான் வந்து நிப்போம்," என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பயம் எனக்கு அவளைவிட அதிகம். சுவரை அழிக்கவில்லை.

நாலு நாள் முன்பு போன் வந்தது. பெரிய ஆமை, முன் துடுப்பு ஒன்றை வலை பாதி அறுத்திருக்கிறது. யாரும் தள்ளவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். ஈரச் சாக்கில் சுற்றி, இறால் அலசும் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நிழலில் வைத்திருக்கிறேன். காயத்தைக் கழுவத் தெரியும். தைக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த எல்லா ஆபீசுக்கும் போன் போட்டாகிவிட்டது. நேற்று அதில் ஓர் ஆபீசிலிருந்து ஒருத்தர் வண்டியில் வந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் ஆமையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமையை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகும், ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப இட்டுக்கினு போங்க," என்றேன்.

"அது என் வேலை இல்லம்மா."

"யார் வேலைன்னாவது சொல்லிட்டுப் போங்க. நம்பர் குடுங்க, நானே கூப்புடறேன்."

வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆமை மூச்சுக்குத் தலையைத் தூக்குகிறது. நேற்றுத் தூக்கிய அளவு இல்லை. கேஸ் போடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. போடட்டும், தொட்டியிலிருந்து அதை எடுத்துக் கடலில் தள்ள மாட்டேன். ரசீது என் மடியில் இருக்கிறது. அதன்படி எனக்கு வர வேண்டியது பணம் இல்லை, நிலம் இல்லை. ஒரு போன் நம்பர். பத்து இலக்கம். பத்தும் பாக்கி.